ஐம்பது மணியும் ஐம்பது விடையும்

கடிதத்தில் சனிக்கிழமை என்று இருந்தது. ஐம்பது கேள்வி என்று இருந்தது. அதற்கு மேல் கிறிகோரியால் வாசிக்க முடியவில்லை. கடிதத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"என்னப்பா, செத்த வீட்டுக் காட் வந்த மாதிரி நிக்கிறியள்?" என்றாள் மனைவி அருள்நாயகி, குசினிக்குள் இருந்து.

"சோதினையாம். கல்லூரியிலை இங்கிலீஷ் வகுப்புக்குச் சேர முந்தி வைப்பினமாம்."

"படிக்கப் போறதுக்கே சோதினையோ? படிச்சு முடிச்சாப் பிறகெல்லோ வைக்கிறவை?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமாப் பக்கம் ஒரு ஹொட்டேலின் நிலவறையில் பதினெட்டு வருடமாக ஈரத் துணி தூக்கிய முதுகு கிறிகோரியுடையது. இப்போது அது குனிந்தால் நிமிர மாட்டேன் என்கிறது. வாசல் மேசையில் வெளிநாட்டு விருந்தாளிகளை வரவேற்கிற கிழவர் ஓய்வு பெறப் போகிறார். "இங்கிலீஷ் படிக்கிறேன் என்று கல்லூரியில் ஒரு பேப்பர் வாங்கி வா, அந்தக் கதிரை உனக்குத்தான்" என்று முதலாளி சிஞ்ஞோரா சொல்லியிருந்தாள்.

கதிரை! அந்த ஹொட்டேலில் அவர் கதிரைகளைத் தொட்டதெல்லாம் தூக்குவதற்காகத்தான்.

ஆனால் கிறிகோரி தமிழ் எழுத்தையே நாற்பது வயதுக்குப் பிறகு கூட்டி வாசிக்கப் பழகியவர். வாழ்க்கையில் ஒரு சோதினையும் எழுதியதில்லை. பெயிலானவர்களின் முகத்தை மட்டும் ஊரில் பார்த்திருக்கிறார்.

"பெயிலானா என்ன செய்வினம்?" என்று கேட்டாள் அருள்நாயகி.

"திரும்ப நிலவறைதான். முதுகு முறியுமட்டும்."

அடுத்த நாள் கீழ் வீட்டுச் சுரேஸ் வந்தான். பல்லரோச் சந்தையில் மீன் பெட்டி இறக்குகிறவன். அவனுக்குத் தெரியாத விசயம் பலெர்மோவில் இல்லை என்பது அவனுடைய எண்ணம்.

"கிறிகோரி அண்ணை, பயப்பிடாதேங்கோ. போன மாதம் இதே சோதினை எழுதின ஒரு கெட்டிக்காரப் பெட்டை, வகுப்புக்கு நிக்காமல் லண்டனுக்குப் போகமுந்தி விடையெல்லாத்தையும் எழுதித் தந்தவள். கேள்வி மாறுறேல்லையாம். ஏ, பி, சி, டி. இதுகளைப் பாடமாக்கினாக் காணும்."

"இது களவெல்லோடா?"

"என்ன களவு? பாஸ் பேப்பர் அண்ணை, பழைய கேள்வித்தாள்! ஊரிலை பாஸ் பேப்பர் பாக்காமல் ஆர் சோதினைக்குப் போனது?"

கிறிகோரி பாடமாக்கினார். ஏழாவது விடை வரை வந்தால் மூன்றாவது மறந்தது. மூன்றாவதைப் பிடித்தால் ஏழாவது ஓடியது. தலையில் அடித்துக்கொண்டு இருந்தவரை அருள்நாயகி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஐம்பது கேள்வியெண்டியள், என்ன?"

"ஓம்."

"செபமாலையிலையும் அருள் நிறைந்த மரியே ஐம்பது மணிதானே. மணிக்கொரு விடையா உருட்டுங்கோ. இடையிலை வாற பெரிய மணியிலை மூச்சு விடுங்கோ."

மாதா மன்னிக்க வேண்டும், அது பலித்தது. ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு எழுத்தாகி விரலில் ஒட்டிக்கொண்டது. நல்லாகவே ஒட்டிக்கொண்டது. புதன்கிழமை ஊர்க்காரன் யோசப்பின் அக்கா வீட்டுச் செபத்தில் மூன்றாம் பத்துமணியை முன்சொல்ல அவரிடம் கொடுத்தார்கள். கண்ணை மூடியவர் பயபக்தியோடு தொடங்கினார்.

"சி... ஏ... ஏ... டி..."

"புனித மரியே, இறைவனின் தாயே" என்று சனம் வழமைபோல மறுமொழி சொன்னது. நாலாவது மணியில்தான் அருள்நாயகி அவருடைய தொடையில் நுள்ளினாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கிறிகோரி நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தார். "மாதா கோவிச்சிருப்பா, என்னப்பா?"

"சோதினைக்குப் பிறகு மன்னிப்புக் கேப்பம். இப்ப கேட்டா விடை மறந்துபோம்."

வியாழக்கிழமை சுரேஸ் புதிதாக ஒரு பயத்தைக் கொண்டு வந்தான்.

"அண்ணை, ஐம்பதும் சரியா வந்தாச் சந்தேகப்படுவாங்கள். ஒரு இருபதைப் பிழையா விடுங்கோ."

"எந்த இருபதை? சரியானதைப் பாடமாக்கவே என்ரை சீவன் போட்டுது!"

அதற்கும் அருள்நாயகிதான் வழி கண்டாள். இருபது மணிகளில் சிவப்பு நூல் சுற்றிவிட்டாள். நூல் தட்டுப்பட்டால் பிழையாகக் கீற வேண்டும்.

சனிக்கிழமை கால்சாப் பகுதியில் இருந்த கல்லூரி மண்டபத்துக்குள் கிறிகோரி செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு போனார். போனைப் பறித்தார்கள். பையைப் பறித்தார்கள். செபமாலையைப் பார்த்த மேற்பார்வைக்காரி "பாவம்" என்று சொல்லித் தானும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவர் உருட்டினார். உள்ளங்கை வியர்த்தது. ஈரத்தில் நூல்கள் தளர்ந்து வழுக்கத் தொடங்கின. பத்து, இருபது, முப்பது என்று மணிகள் போயின, நூல் வரவேயில்லை. நாற்பத்தொன்பது விடைகளைச் சரியாகக் கீறி முடித்துக் கடைசி மணிக்கு வந்தபோது, இருபது நூலும் அந்த ஒரு மணியில் சிவப்புப் பந்தாகச் சுருண்டு கிடந்தன.

செவ்வாய்க்கிழமை கல்லூரிக் காரியாலயத்தில் இருந்தவன் எழுந்து நின்று கை கொடுத்தான்.

"நாற்பத்தொன்பது! ஆறாம் மட்டம். இதற்கு மேல் மட்டம் இல்லை, சிஞ்ஞோர்."

"அப்ப நான் பாஸோ?" என்று கிறிகோரி இத்தாலியனில் கேட்டார்.

"இதில் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து வகுப்புப் பிரிக்கத்தான் இது. ஒன்றும் தெரியாதவர்களை முதலாம் மட்டத்தில் போடுவோம். அங்கே ஏ, பி, சியில் இருந்து சொல்லித் தருவார்கள்."

கிறிகோரி அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை அதில் போடுங்கள்!"

"எவ்வளவு பணிவு!" என்று அவன் சிரித்தான். "வியாழக்கிழமை முதல் வகுப்பு. மட்டம் சரிதான் என்று ஆசிரியை கையெழுத்து வைத்துத் தருவார். அதை உங்கள் முதலாளியிடம் கொடுங்கள். அவருக்கு நான் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்."

ஹொட்டேலில் சிஞ்ஞோரா கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். "கள்ளா, பதினெட்டு வருடமாக ஒளித்து வைத்திருந்தாயே! அந்தக் கையெழுத்தைக் கொண்டு வா, வெள்ளிக்கிழமை மேசையில் இரு."

வீட்டில் அருள்நாயகி தலையில் கை வைத்தாள். "ரீச்சரிட்டை உண்மையைச் சொல்லிப்போடுங்கோ."

"சொன்னாக் கள்ளன் எண்டு பொலிசுக்குக் குடுப்பாள். பிறகு இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோப் பேப்பரைப் புதுப்பிக்கப் போனா அங்கையும் கேப்பாங்கள். குடும்பத்தோடை பிளேனிலை ஏத்துவாங்கள்."

சுரேஸ் மட்டும் கலங்கவில்லை. "வாய் திறந்தாத்தானே பிடிபடுவியள்? தொண்டை அடைச்சுப்போச்செண்டு கழுத்திலை சால்வையைச் சுத்திக்கொண்டு போங்கோ. கையெழுத்தை வாங்கினதும் வந்திடுங்கோ."

"கையெழுத்து வைக்காட்டி?"

"அதை நான் இன்னும் யோசிக்கேல்லை அண்ணை."

வியாழக்கிழமை, நெருப்பாய்க் காய்ந்த வெயிலில், கம்பளிச் சால்வையோடு கிறிகோரி ஆறாம் மட்ட வகுப்பைத் தேடிப் போனார். இருபது பேர் இருந்தால் கடைசி வாங்கில் ஒளிக்கலாம் என்று வழியெல்லாம் நினைத்திருந்தார். கதவைத் திறந்தார். ஒருவரும் இல்லை. ஒரு மேசை, இரண்டு கதிரை.

திரும்பி ஓடப் பார்த்தார். ஆசிரியை வந்துவிட்டாள். மொனிகா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவளுடைய கையில் இருந்த புத்தகம் தலைகீழாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை. சால்வையை இறுக்குவதிலேயே கவனமாக இருந்தார்.

அவள் வாயைத் திறக்கு முன்னரே கிறிகோரி சால்வையைத் தொட்டுக் காட்டி, சத்தம் வராது என்று கையை விரித்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. வெள்ளிக்கிழமை, கதிரை, முதுகு, பெர்மெஸ்ஸோ எல்லாம் அந்தக் கண்ணீரில் நின்றன.

மொனிகா கதவைச் சாத்தினாள். எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் இறுக்கிச் சாத்தினாள். கதிரையில் தொப்பென்று இருந்து, அவருடைய பேப்பரை இழுத்துக் கையெழுத்தை வைத்தாள். பிறகு இரண்டு கையையும் கூப்பி, இத்தாலியனில் மெல்லச் சொன்னாள்:

"சிஞ்ஞோர், தொண்டை சுகமாக எத்தனை மாதமென்றாலும் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த மட்டத்துக்கு ஒருநாளும் ஒருவரும் வரமாட்டார்கள் என்று சொல்லித்தான் மாமா என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டார், எனக்கு இங்கிலீஷில் ஒரு சொல்லும் தெரியாது."