ஒன்றையொன்று கூப்பிடும் கோப்புகள்

ஜீவேந்திரன் ஒரு வரியை நீக்கினான். திரையில் நாற்பது பிழைகள் வந்து விழுந்தன.

வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் திண்டிவனத்தில், ஒரு மல்லாட்டை மண்டிக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி. மெட்ராஸில் தயாராகும் ஓர் இயந்திரத்துக்குக் கெர்னல் எழுதுவது அவன் வேலை. மற்ற புரோகிராம்களையெல்லாம் கட்டி மேய்ப்பது கெர்னல்தான். அதன் கோப்புகள் ஒவ்வொன்றும் தலையில் வேறு சில கோப்புகளைக் கூப்பிடும். அவற்றுக்கு ஹெடர் என்று பெயர். இதில் ஒரு ஹெடர் இன்னொன்றைக் கூப்பிட்டது. அது திரும்ப இதைக் கூப்பிட்டது. நீங்கள் முதலில் சாப்பிடுங்கள் என்று மாறி மாறி உபசரிக்கும் சம்பந்திகள் மாதிரி.

போன் அடித்தது. விழுப்புரத்திலிருந்து அக்கா பத்மாம்பாள்.

"ஜீவா, கிளம்பிட்டியா? பொண்ணும் அவங்க அம்மாவும் வந்து உக்காந்துக்கினு இருக்காங்க. பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டாகணும். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ஜைன வீடு, இருட்டியபின் யாரும் சாப்பிடுவதில்லை. மனைவி குசுமா இருந்தவரை மாலை வெயிலைத் துரத்திக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் பறப்பான். அவள் இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. இப்போதெல்லாம் இருட்டிய பிறகுதான் போகிறான். தனியாகத் தட்டு முன்னால் உட்காரும் வேலை மிச்சமாகிறது.

"ஒரு சின்னச் சிக்கல்க்கா. இதோ வர்றேன்."

நீக்கிய வரியை இரண்டு ஹெடர்களிலும் போட்டான். ஒரே பெயர் இரண்டு முறை வருகிறதென்று இயந்திரம் கோபித்துக்கொண்டது. பிழைகள் இருநூறு.

மறுபடி போன்.

"அப்படி இன்னாடா சிக்கல்?"

"ஒண்ணு இல்லாம இன்னொண்ணு நிக்க மாட்டேங்குதுக்கா."



"மிஷினத்தானே சொல்றே?"

"மிஷினத்தான்."

எல்லா ஹெடர்களையும் சேர்த்து ஒரே பெரிய கோப்பாக்கினான். பிழைகள் போயின. ஆனால் இனி அதில் ஒரு காற்புள்ளியைத் தொட்டாலும் கெர்னல் முழுவதையும் முதலிலிருந்து உருவாக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது ஆகும்.

அவன் ஒரு காற்புள்ளியைத் தொட்டான்.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வடிந்தது. கடைசி முறை போன் அடித்தபோது அக்காவின் குரல் தணிந்திருந்தது.

"அவங்க சாப்ட்டுக் கிளம்பிட்டாங்க. பொண்ணு லட்சணமா இருந்துச்சுடா."

"வேலை முடியலியேக்கா. நான் இன்னா பண்றது?"

அவள் போனை வைத்துவிட்டாள். அவன் விளக்கைப் போட்டான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஆபீஸ் பையன் சீனுவாசன், காலை பஸ்ஸில் மெட்ராஸ் போனவன், கையில் வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தோடு வந்தான். திரையை எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான்.

"இன்னா சார், இன்னும் இத்தயே நோண்டிக்கினு இருக்கீங்க? காலையில முடிஞ்சுதுன்னு நீங்க குடுத்தனுப்பின ஃபிளாப்பி அங்க மிஷின்ல ஜம்முனு ஓடுது சார்!"