ஆளுக்கு ரெண்டு நிலை

சிங்காநல்லூரில் பாலுசாமியின் கம்பெனி தயாரிக்கும் பம்புசெட் மோட்டார் கன்ட்ரோல் பெட்டிக்கு நான்கே நிலைகள்தான்: ஓடு, பொறு, நில், பழுது. இந்த நான்குக்கும் புரோகிராமில் எப்படி எண் கொடுப்பது என்ற பிரச்சினை, நிகழும் மாதம் நிர்வாகத்தின் மேலான கவனத்துக்கு வந்தது.

புரோகிராம் எழுதும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மெல்வின் 'மேக்ரோ' என்ற பழைய முறையின் கட்சி. ஒவ்வொரு பெயருக்கும் எண்ணைத் தன் கையாலேயே எழுதுவான். லோகப்பிரியா 'எனம்' என்ற முறையின் கட்சி. பெயர்களை வரிசையாக எழுதிவிட்டால் பூஜ்யத்திலிருந்து கம்ப்யூட்டரே எண் போட்டுக்கொள்ளும். மேக்ரோவெல்லாம் இப்போது யார் போடுகிறார்கள் என்று, போன வருஷத்துச் சுடிதாரைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னாள்.

சனிக்கிழமை கிணத்துக்கடவில் லட்சுமணசாமியின் தென்னந்தோப்பில் பெட்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் அவருடைய விவசாயிகள் சங்கம் முந்நூறு எடுக்கும். இல்லாவிட்டால் எதிர்க் கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடும்.

ஆறாம் வகுப்போடு லேத்துப் பட்டறைக்குப் போன பாலுசாமிக்கு இந்தச் சண்டையின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உடனே உயர்மட்டக் குழு அமைத்தார். தலைவர், உறுப்பினர், பார்வையாளர் மூவரும் அவரே.

"எத்தன அயிட்டமுங்க?"

"நாலுங்க."

"அப்பறம் என்னத்துக்குச் சண்ட? ஆளுக்கு ரெண்டு. மெல்வின் தம்பி, மொதோ ரெண்டு உங்க மாதிரி. அம்மணி, மத்த ரெண்டும் உங்க மாதிரி. யாரு மனசும் நோவக்கூடாது பாருங்க."

காடு, கார், சம்பந்தம் எதுவானாலும் பாதிக்குப் பாதி என்று நடுவில் வெட்டியே பேரத்தை முடித்துப் பழகியவர். தீர்மானம் லேமினேஷன் செய்து மாட்டப்பட்டது. மெல்வின் தன் பங்குக்குப் பூஜ்யம், ஒன்று என்று எழுதினான். லோகப்பிரியாவின் பங்குக்குக் கம்ப்யூட்டரும் பூஜ்யம், ஒன்று என்றே போட்டுக்கொண்டது. அடுத்தவர் பங்கை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று இருவரும் இருந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை 'ஓடு' அமுக்கியதும் மோட்டார் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். 'நில்' அமுக்கினார்கள்; ஓடியது. மறுபடி அமுக்க, இன்னும் விசுவாசமாக ஓடியது. தொட்டி வழிந்து, வாய்க்கால் வழிந்து, தண்ணீர் பாலுசாமியின் வெள்ளை வேட்டியைத் தேடி வந்தது. ஓடுவதற்கும் பூஜ்யம், நிற்பதற்கும் பூஜ்யம் என்று மெல்வின் அவர் காதில் ஓதினான்.

லட்சுமணசாமி மெயினை அணைத்துவிட்டு வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. ஓட்டறதுக்கு உங்ககிட்ட நூத்தம்பது எடுத்துக்கறோம். நிறுத்தறதுக்கு அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட நூத்தம்பது. அவங்க பொட்டி நிக்கறதுல கெட்டிங்க. நேத்துப் பாத்தோம், கடைசிவரைக்கும் ஓடவே இல்ல. யாரு மனசும் நோவக்கூடாது பாருங்க."

பாலுசாமி வேட்டியைப் பிழிந்தபடியே, நூற்றறுபதுக்குப் பேரத்தை ஆரம்பித்தார்.