ஜவ்வாது மலைக்கு ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் ராஜமாணிக்கம் மனைவியை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. அதனால்தான், ஜவ்வாது மலையில் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று ரைஸ் மில் சகாக்கள் கூப்பிட்டதும் உடனே சரி என்றுவிட்டார். எழுவது, தூங்குவது, குளிக்காமல் இருப்பது எல்லாம் மூன்று நாளைக்கு அவர் இஷ்டம்.

கூட்டத்துக்குத் தலைவர் பட்டாளத்திலிருந்து திரும்பிய அர்ஜுனன். அவர் கொடுத்த பட்டியலில் பதினோரு உருப்படி. ஸ்வெட்டர், குல்லா, டார்ச், கம்பளி என்று பத்து சேர்ந்துவிட்டது. பதினோராவது, கான்வாஸ் ஷூ. முள்ளும் பாம்பும் உள்ள இடம், ஷூ இல்லாதவனுக்கு வேனில் இடமில்லை என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

புறப்படுவதற்கு முதல் நாள் ராஜமாணிக்கம் ஷூவோடு வீட்டுக்கு வந்தார். மனைவி சரசு அதைத் தொடவில்லை.

"இது எதுக்குங்க?"

"மலை ஏறத்தான்."

"நீங்க வெறுங்கால்ல இல்ல ஏறணும்?"

"அது நம்ம அண்ணாமலைக்கு. இது எங்கியோ முப்பது மைல் தள்ளி இருக்குது."

"நான் அண்ணாமலையார்கிட்ட மைல் கணக்கெல்லாம் சொல்லல. இவருக்குக் காய்ச்சல் எறங்கட்டும், இனிமே எந்த மலை ஏறினாலும் வெறுங்கால்ல ஏறுவாருன்னு வேண்டிக்கிட்டேன். எறங்கிச்சா இல்லியா?"

"என் காலுக்கு நீ எப்படி வேண்டிக்கலாம்?"

"உங்களுக்கு அப்ப நெனவே இல்ல. நூத்தி நாலு டிகிரி."

"நூத்தி மூணரை."

ராஜமாணிக்கம் வாசலுக்கும் அடுப்பங்கரைக்குமாகப் பதினான்கு நடை நடந்தார். ஷூ போட்டால் சாமி குத்தம். போடாவிட்டால் வேன் போய்விடும். பதினைந்தாவது நடையில் பொறி தட்டியது.

"சரசு, எனக்கு மொட்டை அடிக்கிறதா எங்கம்மா வேண்டிக்கிட்டாங்களே. எனக்குத் தலையில சிரங்குன்னு, பதிலுக்கு என் தம்பிக்கு அடிச்சாங்க. சாமி ஏத்துக்கலியா?"

"ஏத்துக்கிச்சு."

"அப்ப வீட்டுல யார் செலுத்தினாலும் செல்லுமா, செல்லாதா?"

சரசு அவரையே பார்த்தாள்.

"செல்லும்" என்றாள்.

"அவ்ளோதான். நீ வெறுங்கால்ல நம்ம மலைய ஒரு சுத்து சுத்திட்டு வந்துடு."

"சுத்துறதா வேண்டல. ஏறுறதா வேண்டியிருக்கேன். நீங்க ஏறுற மலைதான் நானும் ஏறணும்."

"வேன்ல இடம் இல்லியே."

"இருக்குதாம். நாலு ஆம்பளைல ஒருத்தருக்கும் சோறு பொங்கத் தெரியலன்னு அர்ஜுனன் அண்ணன் போன வாரமே என்னைக் கூப்பிட்டாரு. நீங்க ஏதாவது சொல்லுவீங்களோன்னு பேசாம இருந்தேன். இப்ப நீங்களே வழி சொல்லிட்டீங்க."

"ஷூ இல்லாம அவரு ஏத்தமாட்டாரு." அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"சமைக்கிறவங்களுக்கு அந்த ரூல் கெடையாதாம். கேட்டுட்டேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு வேன் வந்தது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் சரசு வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தாள். ராஜமாணிக்கம் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு பின்னால் அரிசி மூட்டைமேல் ஏறினார். வேன் தெருமுனை திரும்புவதற்குள், மூன்று நாளும் அவர் எத்தனை மணிக்கு எழுந்து குளிக்க வேண்டும் என்று முன் சீட்டிலிருந்து உத்தரவு வந்துவிட்டது.