என் கணவரைச் சாகடித்த செய்முறை வகுப்பு

அழத் தெரியாதவர்கள் துயரச் செய்தி பற்றிப் பாடம் நடத்தக் கூடாது. நன்றாக அழத் தெரிந்தவர்கள் நடத்தவே கூடாது. நான் இரண்டாவது ரகம்.

ஹட்டனில் இதழியல் சொல்லிக்கொடுக்கிறேன். வெள்ளம், மண்சரிவு போன்ற அனர்த்தத்தில் அடிபட்டவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது பாடம். அனுமதி கேள், முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதே, முக்கியமாக ‘இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?’ என்று மட்டும் கேட்டுத் தொலைக்காதே. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சரி, செய்தே காட்டிவிடுவோம் என்று வட்டகொடைப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், கோயில் மண்டபத்தில் உட்கார வைத்தேன். நான் மண்சரிவில் வீட்டை இழந்த பெண், அவர்கள் நிருபர்கள். (யாருடைய யோசனை என்று கேட்காதீர்கள்.)

முதலில் சும்மா விசும்பினேன். ஒருத்தன் சிரித்தான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தலையை விரித்துப் போட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு வாய்விட்டு அழ ஆரம்பித்தேன்.

எங்கள் தோட்டத்தில் அழுகைச் சத்தம் கேட்டால் யாரும் வாசலில் நின்று காரணம் கேட்க மாட்டார்கள். முதலில் கட்டிப்பிடித்து அழுவார்கள்; போனது யார் என்பதெல்லாம் அப்புறம். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் கூடையை வெளியே இறக்கிவைத்துவிட்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். “இது ஒத்திகைங்கக்கா” என்று நான் கத்தியது ஒப்பாரியில் அமுங்கிப்போனது. என் மாணவர்களோ, துக்க வீட்டில் தொந்தரவு செய்யாதே என்று நான் சொன்னபடி மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். (அன்றைக்குப் பார்த்துத்தானா பாடம் மண்டையில் ஏற வேண்டும்?)

இதற்குள் செய்தி லயத்து வீட்டிலிருந்த அம்மாவுக்குப் போய்விட்டது. மகள் இப்படி அழுகிறாள் என்றால் மருமகனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. உடனே அவருக்குப் போன் போட்டிருக்கிறார். என் கணவர் பஸ் சாரதி. ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார். அம்மாவுக்கு அது போதும். செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து மண்டப வாசலில் மயங்கி விழுந்தார்.

பெண்களை விலக்கிக்கொண்டு ஓடினேன். தண்ணீர் தெளித்து, அவர் கண் திறந்ததும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “அம்மா, இப்ப ஒனக்கு எப்படி இருக்கு?”

பின்னால் மொத்த வகுப்பும் நின்றிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிக்கும் துளசி மட்டும் அம்மா பக்கத்தில் தரையில் அமர்ந்தாள். “ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அம்மா. நான் உங்களுக்குப் பக்கத்தில இருக்கட்டோ?” அம்மா தலையாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“ஒங்கப்பா போனன்னைக்கு அழுத மாதிரியே அழுதியேடி.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்தவர் புண்ணைக் கிளறாதே என்று வருஷம் முழுக்கப் பாடம் நடத்துகிறவள் நான்.

அதோடு முடியவில்லை. அம்மா விடாமல் அழைத்திருந்ததைப் போனில் பார்த்துவிட்டுப் பதறி வந்த கணவர், லயத்து வாசலில் கூட்டத்தைக் கண்டார். (அம்மாவை வீட்டில் கொண்டுவிட வந்து, விஷயம் தெரிந்த பிறகும் தேத்தண்ணிக்காக இருந்த கூட்டம்.) மாமியார்தான் போய்விட்டார் என்று நினைத்து, வழக்கப்படி ஒன்றும் கேட்காமல், பக்கத்து வீட்டு அண்ணனைக் கட்டிக்கொண்டு கதறிவிட்டார். அம்மா உள்ளே உட்கார்ந்து, தேத்தண்ணியைக் குடித்தபடி, மருமகன் தனக்காக அழுவதைக் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

இப்போதும் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனால், அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

“மாப்ளயா? இப்ப ஒங்களுக்கு எப்படி இருக்கு?”

“செத்தது போக மிச்சம் நல்லா இருக்கேங்க அத்த. ஒங்களுக்கு?”