நான் பற்றரி வாங்கப் போயிருந்த பத்து நிமிடம்

ஒருவன் நல்ல புகைப்படக்காரனாவதற்கு எத்தனை வருடம் வேண்டுமோ தெரியாது. ஆனால் தன்னை அப்படி நினைத்துக்கொள்ள நான்கு வீடியோ போதும். எனக்கு மூன்றரையே போதுமாக இருந்தது. நான்காவதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். (முக்கியமானதெல்லாம் அந்த மீதிப் பாதியில்தான் இருந்ததாம். பிறகு சொன்னார்கள்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வெள்ளவத்தையில் காலையில் கணக்கியல் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் ஏதாவது ஒரு பைத்தியம். கிட்டார் மூன்று மாதம் வாசித்தேன். மீன் வளர்த்தேன், மீன்கள் சம்மதித்த வரைக்கும். பிறகு கமரா வந்தது. கமராவின் தலையிலேயே பிளாஷைப் பூட்டிப் படம் எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு இரக்கம் பொங்கும். வெளிச்சம் பக்கத்திலிருந்து வர வேண்டும், கொஞ்சம் உயரத்திலிருந்து வர வேண்டும். அப்படி வந்தால் பின்னால் சூரியன் இறங்கும் வானத்தின் நிறமும் கெடாது, முன்னால் நிற்பவரின் முகமும் இருளாது. இதைச் சோறு சாப்பிடும்போதுகூட வீட்டில் விளக்கினேன். ரசம் ஊற்றுவதை நிறுத்திவிட்டு அம்மா கேட்டுக்கொண்டிருப்பார், பாவம்.

தர்சினி அக்கா என் பெரியப்பாவின் ஒரே மகள். கனடாவில் இருக்கும் கஜன் அத்தானை அவளுக்குப் பேசியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் முடிந்தது. புதன் காலை எழுத்து, அதாவது பதிவு. வியாழன் அத்தானுக்கு பிளேன். கோயில் கலியாணம் அடுத்த வருடம். அவர் போனதும் அக்காவைக் கனடாவுக்குக் கூப்பிடுவதற்கு விசா ஃபைல் போட வேண்டும். படிவம் நிரப்பித் தரும் ஏஜென்ட் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்.

“மண்டபத்துப் படம் எத்தினை வைச்சாலும் காணாது தங்கச்சி. ரெண்டு பேரும் பழகின ஆக்கள் எண்டு பாக்கிறவனுக்குத் தெரியவேணும். வெளியில எங்கையாவது போய், சும்மா சிரிச்சுக் கதைக்கிற மாதிரி நாலு படம் எடுங்கோ.”

நிச்சயதார்த்தப் படங்களில் அவர்கள் இருவரும் ஒரே பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் அந்நியர்களைப் போல இருந்தார்கள். இப்படியான படங்களைக் கொடுத்த அக்காவின் சிநேகிதி ஒருத்தி, கேள்விக்கு மேல் கேள்வி வந்து, மூன்று வருடமாகத் தாலியோடு தாய் வீட்டில் இருந்தாள். அக்கா அதை நினைத்துத்தான் பயந்தாள்.

காலி வீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவரைச் செவ்வாய் பின்னேரத்துக்குப் பேசி வைத்திருந்தார்கள். நான் குறுக்கே விழுந்தேன்.

“அவர் பிளாஷை நேர நெத்தியில அடிப்பார் அக்கா. முகம் அடையாள அட்டை மாதிரி வரும். நான் எடுத்துத் தாறன்.”

“உனக்கு உண்மையா ஏலுமோ தம்பி?”

“நம்புங்கோ.”

நம்பினாள். அன்றே ஸ்டூடியோக்காரருக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டாள். இதை எழுதும்போது இப்போதும் என் காது சுடுகிறது.

செவ்வாய் பின்னேரம் ஐந்தரைக்கு ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்கு இறங்கினோம். அக்கா, அத்தான், நான், பெரியப்பா. பெரியப்பாவை யாரும் கூப்பிடவில்லை. எழுத்து முடியாத பிள்ளைகளைத் தனியே விடக் கூடாதென்று அவராகவே சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வங்கியில் முப்பது வருடம் கையொப்பங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தரம் பார்ப்பார். பார்த்த பிறகும் நம்ப மாட்டார்.

கடற்காற்றில் பிளாஷ் பூட்டும் ஸ்டாண்ட் நிற்காது. அதனால் வீட்டு ஒட்டடைக் கம்பின் நுனியில் பிளாஷைக் கட்டிப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். (வேலை கொடுத்தால் மற்றப் பக்கம் பார்க்க மாட்டார் என்று ஒரு கணக்கும் போட்டிருந்தேன்.)

“பெரியப்பா, நாப்பத்தைஞ்சு பாகையில பிடிக்கவேணும். அசையக் கூடாது.”

“எதில இருந்து நாப்பத்தைஞ்சு?”

நல்ல கேள்வி. எனக்கும் தெரியாது. “அப்பிடியே நில்லுங்கோ, சரியா இருக்கு” என்றேன்.

கமராவுக்கும் பிளாஷுக்கும் இடையில் கம்பி கிடையாது. கமராவின் மேல் ஒரு சின்னப் பெட்டி, பிளாஷின் கீழ் இன்னொன்று. நான் பொத்தானை அழுத்தினால் இந்தப் பெட்டி வானொலி மாதிரி ஓர் அலையை அனுப்பும். அந்தப் பெட்டி அதைப் பிடித்து பிளாஷை மின்ன வைக்கும். பெட்டிகளோடு வந்த துண்டுக் காகிதத்தில் ‘சேனல் மாற்றுதல்’ என்று ஒரு பகுதி இருந்தது. வேறு படப்பிடிப்பாளர் பக்கத்தில் இருந்தால் மாற்றவும் என்று போட்டிருந்தது. வெள்ளவத்தைக் கடற்கரையில் எனக்குச் சமமாக வேறு யார் வரப்போகிறார்கள் என்று சிரித்தேன், காகிதத்தை எறிந்தேன். பெட்டி கடையிலிருந்து வந்தபடியே ஒன்றாம் சேனலில் இருந்தது.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து முப்பது அடி தள்ளி வெள்ளைக் கவுன் போட்ட ஒரு மணப்பெண்ணுக்கு ப்ரீஷூட், அதாவது கலியாணத்துக்கு முந்திய படப்பிடிப்பு, நடந்துகொண்டிருந்தது. கொழும்புக் கடற்கரையில் பின்னேரமானால் காகத்துக்கு அடுத்தபடி அதிகமாகக் காணக் கிடைப்பது ப்ரீஷூட்தான். நான் கவனிக்கவில்லை.

“அத்தான், கொஞ்சம் அக்காவுக்குக் கிட்ட வாங்கோ.”

அத்தான் அரை அடி நகர்ந்தார். பெரியப்பா தொண்டையைச் செருமினார். அத்தான் கால் அடி திரும்பிப் போனார். இப்படியே நகர்ந்தும் திரும்பியும் ஒரு சைக்கிள் போகும் இடைவெளிக்கு வந்தோம். அக்கா சிரிக்கத் தயாரானாள். நான் கண்ணைக் கமராவில் வைத்தேன். விரலை இன்னும் அழுத்தவில்லை.

பளிச்!

அக்கா திடுக்கிட்டாள். அத்தான் கண்ணை மூடினார்.

“பெரியப்பா, பின்னால இருக்கிற பொத்தானை அமத்தாதேங்கோ!”

“நான் எங்க அமத்தினனான்? உது தானாய் அடிக்குது.”

“தானா அடிக்காது.”

நான் படமெடுத்தேன். இப்போது பிளாஷ் அடிக்கவே இல்லை. ஒரு தடவை அடித்தால் அடுத்ததற்கு அது மூச்சு வாங்க வேண்டும். அந்த நேரத்தில் நான் அழுத்தினால் இருட்டுத்தான். நான் வானத்துக்கு ஏற்றபடி கமராவை வைத்திருந்ததால் படத்தில் வானம் அப்படி ஒரு செம்பொன். அதன் முன்னால் கரிக்கட்டி மாதிரி இரண்டு உருவம். அது அக்காவும் அத்தானும்தான் என்பதற்கு என் வாக்கைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அரை மணித்தியாலம் இதுதான் நடந்தது. நான் அழுத்தாதபோது மின்னியது. அழுத்தியபோது சும்மா இருந்தது. பெரியப்பா தன் பெருவிரலையே சந்தேகிக்கத் தொடங்கி, கம்பை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் கும்பிடுவதுபோலப் பிடித்தார். அப்போதும் மின்னியது. இடையில் அவருடைய பழைய வங்கிச் சிநேகிதர் ஒருவர் நடைப்பயிற்சியில் வர, “என்னப்பா, சுகமோ?” என்று உடம்போடு திரும்பினார். கம்பும் திரும்பியது. அதுவும் அந்த நேரம் பார்த்து மின்னியது. கண்ணைப் பொத்திக்கொண்ட சிநேகிதர் சுகத்தைச் சொல்லாமலே போனார். பின்னால் போன ரயிலின் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தவன், “சிரியுங்கோவன் அண்ணை!” என்று அத்தானைப் பார்த்துக் கத்தினான். அத்தான் அவனுக்குச் சிரித்தார். நான் அதையும் தவறவிட்டேன்.

கடைசியில் பிளாஷ் முனகத் தொடங்கியது. புறக்கோட்டையில் மலிவாக வாங்கிய பற்றரி. மாற்றுப் பற்றரி கொண்டுவரவில்லை.

“அஞ்சு நிமிசம். ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வாறன். பெரியப்பா, நீங்கள் அசையாதேங்கோ. இந்த இடம் திரும்பக் கிடைக்காது.”

ஓடினேன். கழுத்தில் கமரா மார்பில் அடிக்க, ரயில் பாதை, மரைன் டிரைவ், ஒழுங்கை, காலி வீதி. கடையில் எனக்கு முன்னால் ஒரு அம்மா மூன்று வகை மிளகாய்த்தூளை மணந்து பார்த்துக்கொண்டிருந்தார். பற்றரியோடு திரும்பிவரும்போது சூரியன் கடலில் பாதி.

வரும் வழியில் அந்த மற்ற ப்ரீஷூட்காரரைக் கடந்தேன். நாற்பது வயதிருக்கும். தன் கமராவின் மேல் இருந்த சின்னப் பெட்டியை உள்ளங்கையில் தட்டித் தட்டிச் சிங்களத்தில் ஏசிக்கொண்டிருந்தார். என் பெட்டியைப் போலவே இருந்தது. சும்மா ஒரு தடவை என் பொத்தானை அழுத்திப் பார்த்தேன்.

வெளிச்சத்தைப் பரப்ப அவர் விரித்து வைத்திருந்த குடைக்குள் இருந்த பிளாஷ் பளிச்சென்று மின்னியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நான் இன்னொரு தடவை அழுத்தினேன். இன்னொரு தடவை மின்னியது. அவர் மெதுவாகத் தன் பொத்தானை அழுத்தினார். முப்பது அடிக்கு அப்பால் ஒட்டடைக் கம்பின் நுனி மின்னியது. காற்றோடு பெரியப்பாவின் குரல் வந்தது.

“எடே! பாத்தியே! நான் தொடவே இல்லை!”

“மல்லி,” என்றார் அந்த மனிதர், “சேனல் எக கீயத?”

தம்பி, எத்தனையாம் சேனல் என்று கேட்கிறார். நான் ஒரு விரலைக் காட்டினேன். அவரும் ஒரு விரலைக் காட்டினார். பின்னேரம் முழுவதும் அவர் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் என் பிளாஷ் மின்னியிருக்கிறது. நான் எடுத்த ஒவ்வொரு கரிக்கட்டிக்கும் அவருடைய மணப்பெண் கண் கூசியிருக்கிறாள். அவர் ஏச வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். போன் நம்பர் வாங்கிக்கொண்டார். (நஷ்டஈடு கேட்கத்தான் என்று நினைத்தேன்.)

சேனலை மாற்றி, புதுப் பற்றரி போட்டு நிமிர்ந்தபோது சூரியன் இல்லை. ஆறேழு படம் எடுத்தேன். குகைக்குள் அகப்பட்ட இரண்டு பேரைப் பொலிஸ் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

வீட்டில் மடிக்கணினியில் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். அக்கா கடைசிப் படம் வரைக்கும் பார்த்தாள். “பரவாயில்லை தம்பி,” என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த நாள் எழுத்து, அதற்கு அடுத்த நாள் பிளேன். இன்னொரு பின்னேரம் கிடையாது. அவள் எழுந்து போய் நாளைக்குக் கட்ட வேண்டிய சேலையை மடித்தாள். மடித்ததையே திரும்ப மடித்தாள்.

புதன் காலை, பதிவுக்குப் புறப்படும் நேரத்தில், என் போனுக்கு ஏழு படங்கள் வந்தன. அந்த ப்ரீஷூட்காரர்தான். மல்லி, உன் ஆட்கள் என் படங்களுக்குப் பின்னால் வந்து கெடுத்துவிட்டார்கள், வேண்டுமானால் வைத்துக்கொள் என்று எழுதியிருந்தார்.

நான்காவது படத்தில் நின்றுவிட்டேன். நான் பற்றரி வாங்கப் போன நேரத்தில் எடுத்தது. அக்காவும் அத்தானும் ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாகக் கிடந்த பிளாஷ் மூச்சு வாங்கி வாங்கி மின்னியபோதெல்லாம், எதிரில் கமராவே இல்லாமல், அத்தான் பழக்கதோஷத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சிரித்தாராம். அதைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லையாம். படத்தில் அவள் தலை அவர் தோளில் கிடக்கிறது. வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. வழுக்கி விழாமல் அவர் அவள் கையைப் பிடித்திருக்கிறார். பக்கத்திலிருந்து, சற்று உயரத்திலிருந்து, நான் மூன்றரை வீடியோவில் கனவு கண்ட அதே வெளிச்சம். பின்னால் பெரியப்பா கம்பைப் பிடித்தபடி, இவர்களைப் பாராமல், தன் பெருவிரலை ஆராய்ந்துகொண்டிருக்கிறார். முன்னால் ஒரு மூலையை மட்டும் அந்த மணப்பெண்ணின் முழங்கை பிடித்திருக்கிறது.

அக்கா போனைப் பறித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அழுதாள். கண்மை கரைந்து, அவளை மறுபடி அலங்கரிக்க வேண்டியதாயிற்று. எழுத்துக்கு அரை மணி பிந்தினோம்.

“இவ்வளவு இயற்கையான படத்தை நான் கண்டதில்லை,” என்றார் ஏஜென்ட். “தகப்பனும் கூட நிக்கிறார். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” முழங்கையை மட்டும் என்னவென்று எழுதுவதென்று யோசித்து, ‘வழிப்போக்கர்’ என்று போட்டார். ஃபைல் ஒரு கேள்வியும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம் கலியாணம் முடிந்த கையோடு அக்காவும் போய்ச் சேர்ந்தாள்.

நான் இப்போது படம் எடுத்துத்தான் சாப்பிடுகிறேன், நம்பினால் நம்புங்கள். ஆனால் எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் கமராவைத் தூக்கினால் போதும், “தம்பி, நீ போய்ப் பற்றரி வாங்கிக்கொண்டு வா, நாங்கள் வடிவா நிக்கிறம்” என்று யாராவது ஒருவர் தொடங்குவார். அதிகமாகத் தொடங்குபவர் பெரியப்பா.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கனடா வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிறாள் அக்கா. அவளுடைய மகளுக்கு மூன்று வயது. போன மாதம் வீடியோ கோலில் படத்துக்கு முன்னால் நின்று எனக்கு எல்லோரையும் காட்டினாள்: அம்மா, அப்பா, தடி பிடிச்ச தாத்தா.

“இந்தப் படம் ஆரால வந்தது?” என்று கேட்டாள் அக்கா.

“மாமாவால!”

“அப்ப மாமா எங்க?”

பிள்ளை ஒரு நிமிடம் தேடினாள். பிறகு எம்பி, யாரென்றே தெரியாத அந்த மணப்பெண்ணின் முழங்கையில் விரலை வைத்தாள்.

“இந்தா, மாமா.”