மூன்று தடவை அடித்த மருந்து

பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எறும்புகள் நலம். நாங்கள்தான் சுமார். போனில் சொன்னால் "காயட்டும்மா, காயட்டும்" என்று வைத்துவிடுகிறீர்கள், அதனால் கடிதம்.

எட்டு மாதப் பிள்ளை பெரியப்பா, தவழ்கிறான். பின்சுவர் வழியாக வரும் செவ்வெறும்பு கடித்து வலது இமை வீங்கி, ஒற்றைக் கண்ணால் என்னை முறைக்கிறான். பூச்சிமருந்துக் கம்பெனி சொந்தத்திலேயே இருக்கிறதே என்று உங்களைக் கூப்பிட்டேன். உங்கள் ஆள் முதல் தடவை வந்தபோதே வானம் கறுத்திருந்தது. "மழை வந்துடும் போல இருக்கேண்ணே" என்றேன். "இது சும்மா பூச்சாண்டி மேகம்மா" என்று அடித்துவிட்டுப் போனார். அவர் வண்டி தெருமுனை திரும்பவில்லை, கொட்டியது. உங்கள் மாப்பிள்ளை குடையோடு ஓடினார். சுவர் முப்பதடி, குடை மூன்றடி. எந்த மூன்றடியைக் காப்பாற்றுவது என்று அவர் முடிவு பண்ணுவதற்குள் மருந்து சாக்கடைக்குப் போய்விட்டது. இரண்டாம் தடவை வெயில் பார்த்து அடித்து, நன்றாகவே காய்ந்தது, "காஞ்சுட்டா மழைக்கு அசையாதும்மா" என்று சத்தியம் பண்ணினார், மறுநாள் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை, உடைந்த கூரைக்குழாய்த் தண்ணீர் முழுக்க அந்தச் சுவரிலேயே இறங்கியது, எறும்பு பழையபடி வரிசை கட்டியது. வேதியியலில் பட்டம் வாங்கியவள் ஓர் ஈரச் சுவரிடம் தோற்று நிற்கிறேன். போன வாரம் மூன்றாம் தடவை. அதுவும் போச்சு. நேற்று பிள்ளை தொடையில் நாலு கடி. "உங்க பெரியப்பா மருந்து விக்கிறாரா, தண்ணி விக்கிறாரா?" என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. எனக்கும் அதே சந்தேகம்தான். சொந்தக்காரி வீடுதானே, இது போதும் என்று கலக்கிக் கொடுத்தது போலத்தான் இருக்கிறது. அந்த ஆளை இனி இந்தப் பக்கம் அனுப்ப வேண்டாம்.

பெரியம்மாவின் முழங்கால் வலி குறையட்டும். உங்கள் தொழில் பெருகட்டும், எங்கள் வீட்டை வைத்து வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மகள் மாதிரி என்று நீங்கள் சொல்லிக்கொள்ளும் நான்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மூன்றாம் தடவை மழையே இல்லை. உங்கள் ஆள் ஒழுங்காக அடித்து, காயும்வரை காவலும் இருந்துவிட்டுத்தான் போனார். அவர் போனதும் பிள்ளை பின்வாசலுக்குத் தவழ்ந்து போய்ச் சுவரைத் தடவி, விரலை வாயில் வைக்கப் போனான். கையைக் கழுவிவிட்டேன். மனசு கேட்கவில்லை. ஆறு வாளி தண்ணீர் ஊற்றி, துடைப்பத்தால் சுவரையும் தேய்த்துவிட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த ஆளையே அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன்னால் என்னையும் பிள்ளையையும் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள். சுவர் காய இரண்டு மணி நேரம் போதுமாம். எனக்கு ஒரு வாரமாவது ஆகும்.