சிவப்பு மையில் திரும்பிய கடுதாசி

நவமணி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சீனி வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு, படையெடுக்கப் போகிறவன் மாதிரி நின்றான்.

"இன்னிக்கு ஈப்போ டவுன் வீட்டு ஆபீஸ ஒரு கை பாத்திட்டுத்தான் வருவேன்."

ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும். மலிவு வீட்டுக்கு மனுப் போட்டதற்கு வந்த பதில், 'இப்படி ஆள் இல்லை' என்று தோட்ட ஆபீஸில் சிவப்பு மையில் எழுதி இரண்டு தடவை திரும்பிப் போய்விட்டது. மூன்றாவதும் திரும்பினால் வீடு அடுத்தவனுக்கு.

"ஈப்போக்காரனுக்குக் கண்ணு தெரியல லா."

"கடுதாசி ஈப்போவுலயா தொலையுது? நம்ம கிராணியய்யா ஆபீஸ் வரைக்கும் வருதுங்க. அவரு செக்ரோல் பேரேட்டப் பாத்துத்தான ஆளத் தேடுவாரு? அதுல உங்களக் கூப்பிடுற பேருதான் இருக்கு. அடையாளக் கார்டுல வேற பேரு."

"மூணாங்கிளாஸ் படிச்சவ எனக்கு வழி சொல்றியா? நீ மீனப் பாரு."

பஸ் ஏறிவிட்டான்.

நவமணி கையைக் கழுவினாள். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயரைப் பார்த்து, எழுத்து எழுத்தாகச் சீட்டில் வரைந்தாள்: உடையப்பன். வாயால் சொல்லாத பெயர். எழுதவே கூச்சமாக இருந்தது. பக்கத்தில் 'ஆறாம் லயம் சீனி' என்று போட்டாள். பிள்ளையை இடுக்கிக்கொண்டு போய், தரையைப் பார்த்தபடி கிராணி குலசிங்கத்திடம் நீட்டினாள்.

"எட பிள்ளை, உடையப்பன் எண்டது எங்கட சீனியோ? இப்பதான் திருப்பி அனுப்ப மை தொட்டனான்."

கடுதாசியைக் கையில் கொடுத்தார். சீட்டைத் தபால் தட்டுக்கு மேலே ஒட்டினார். ஜெலாப்பாங்கில் வீடு கிடைத்திருந்தது.

பொழுது சாய, சீனி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"முடிச்சிட்டேன். நாலு கவுண்டர் ஏறி எறங்கி, மனுவுல பேரையே சீனின்னு மாத்திட்டேன்."

அவள் கடுதாசியை நீட்டினாள். கடைசி வரியில் அவன் கண் நின்றுவிட்டது. மனுவிலும் அடையாளக் கார்டிலும் ஒரே பெயர் இருந்தால்தான் சாவி.

"மொத பஸ் ஆறே காலுக்கு," என்றாள் நவமணி. "சோறு கட்டவா?"

"எதுக்கு?"

"மாத்தினத மாத்த."

சீனி குரலை இறக்கினான். "வீடு கெடைச்சிருச்சுல்ல, அது போதும். ஆனா நீதான் கண்டுபிடிச்சேன்னு யாருக்கும் தெரிய வேணாம்."

"நான் எங்க சொல்லப் போறேன்," என்று அவள் சொல்லும்போதே, வாசலில் பக்கத்து வீட்டு முத்தம்மா கூப்பிட்டாள்.

"நவமணி, நம்ம லயத்துல ஒம்பது பேரு கார்டோட நிக்கிறோம் லா, நீ கொஞ்சம் வந்து, கிராணியய்யா தட்டுல ஒட்டியிருக்கிற அந்தச் சீட்டு மாதிரி எங்களுக்கும் எழுதிக் குடு!"